கனம் பார்க்கவும் கூலி கொடுங்கள்

பிளாக்கைப் பட்டறையில் இறக்கி வைத்ததும் பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எவ்வளவு ஏத்தலாம்?" என்பதுதான். சிலிண்டர் துளையை எத்தனை மில்லிமீட்டர் பெரிதாக்கலாம் என்று அர்த்தம். சுவர் எவ்வளவு தாங்கும் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் அபூர்வம். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ரீபோரிங் பட்டறை வைத்திருப்பவன் நான். லாரி, டிராக்டர், டீசல் பம்ப்செட் என்று எல்லா இன்ஜினும் வரும். சில வருடங்களாக டிராக் ரேஸ் ஓட்டுகிற இளைஞர்களும் வருகிறார்கள். வேலை தெரிந்த பையன்கள், காசு கணக்குப் பார்க்காத பையன்கள். அவர்களுக்கும், என்னைப் போலப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவு கிடையாது, இரண்டாவது சுற்றும் கிடையாது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டி நடக்கிறது. பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா பல முறை பட்டம் வாங்கியது அந்தப் போட்டியில்தான். எங்கள் ஊரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் பந்தயப் பேச்சு பட்டறைக்குப் புதிதல்ல. ராத்திரி பைபாஸில் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் பிளாக்கைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லிவிடுவேன். அதில் பேச்சுக்கே இடமில்லை.

துளையைப் பெரிதாக்கினால் இன்ஜின் கூடுதல் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும், சக்தி கூடும். கணக்கு சரிதான். ஆனால் எவ்வளவு கூடும்? 75.5 மி.மீ. துளையுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1 மி.மீ. ஏற்றினால் கன அளவு 2.7 சதவீதம் கூடுகிறது. ஒன்றரை லிட்டர் இன்ஜினுக்குச் சுமார் 40 சிசி. அதற்குச் சுவரில் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் போகிறது. சுவர் 4 மி.மீ. இருந்தால் எட்டில் ஒரு பங்கு காலி. 2.7 வாங்குவதற்கு 12.5 கொடுக்கிறோம். பந்தயத்தில் வகுப்புகளைக் கன அளவை வைத்துப் பிரிப்பார்கள் என்பதால், அந்த 40 சிசி வண்டியை மேல் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நிறுத்தும். விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிற பையனை நான் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பேன்.

சுவர் மெலிந்தால் வெடித்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வெடிப்பது கடைசியில் நடப்பது. அதற்கு வெகு முன்பே சுவர் வளைய ஆரம்பித்துவிடுகிறது. தகடு வளைவதற்குக் கனத்தின் மூன்றாம் அடுக்கில் கணக்கு: 4 மி.மீ. தகடு 3.5 ஆனால் அதே அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வளையும். சிலிண்டர் முழுத் தகடு இல்லை, அதனால் எண் கொஞ்சம் மாறும். போகிற திசை மாறாது. வெடிப்பு வீச்சில் கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்கும்போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அழுந்துகிறது. அந்தப் பக்கம் மெலிந்திருந்தால் துளை அந்த நொடியில் வட்டமாக இருக்காது. வட்டமில்லாத துளையை ரிங் அடைக்காது. எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, ஆயில் மேலே ஏறுகிறது. 40 சிசி கொடுத்த சக்தி கிராங்க் கேஸ் வழியாக ஊதிப் போகிறது. பையன் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வான், பிளக்கை மாற்றுவான், டியூனரோடு சண்டை போடுவான்.

அதையும் தாண்டி ஓட்டினால் ஒரு நாள் சுவர் பிளக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் ராடு வளையும், இல்லை உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கொட்டின கூலண்ட் பாதையில் படர்ந்து அந்த வண்டியின் டயருக்கு அடியிலேயே போகும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுவரின் கனம் எப்படி இடத்துக்கு இடம் மாறும் என்று கேட்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்த பிளாக்தானே? பட்டறை வைப்பதற்கு முன் நான் ஒரு பவுண்டரியின் கோர் ஷாப்பில் வேலை செய்தவன். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிளாக்குக்குள் தண்ணீர் ஓடுகிற வெற்றிடம் இருக்கிறதே, அதை யாரும் குடைந்து எடுப்பதில்லை. அந்த வெற்றிடத்தின் வடிவத்தில் மணலைப் பிசின் சேர்த்துக் கெட்டியாக்கி ஒரு கோர் செய்து, அச்சுப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுகிறோம். இரும்பு மணலைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. ஊற்றுகிறபோது கோர் மிதக்கப் பார்க்கும். சாப்ளெட் என்கிற சின்ன இரும்பு முட்டுகளை வைத்து அதை நிறுத்துவோம். ஒரு முட்டு சரியாக உட்காராவிட்டாலும், பெட்டி மூடும்போது கோர் லேசாக இடித்தாலும், ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இரும்பு ஆறிய பிறகு வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பிறகு மெஷின் ஷாப்பில் துளை போடுகிறவன் வரைபடத்தில் உள்ள மையத்தில் போடுவான். கோர் எங்கே நகர்ந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சுவர் ஒரு பக்கம் 6 மி.மீ., எதிர்ப்பக்கம் 3 மி.மீ. என்று நின்றுவிடும். எல்லாக் கம்பெனி பிளாக்கிலும் கொஞ்சம் நகர்வு உண்டு. சாதாரணமாக ஓட்டுகிறவனுக்கு அதனால் ஆயுளுக்கும் ஒன்றும் ஆகாது. ஓவர்போர் போடுகிறவனுக்குத்தான் அது கணக்கு.

போதாததற்கு நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதிலாக போர்வெல் உப்புத்தண்ணீர். இருபது வருடம் ஓடின பிளாக்கின் தண்ணீர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் செதில் செதிலாகத் துரு உதிரும், அடியில் சேறு கெட்டியாகக் கிடக்கும். சேறு கிடந்த இடத்தில் இரும்பு குழிவிழுந்து அரித்திருக்கும். உள்ளே பிஸ்டன் பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குகிற சுவர், முதுகுப் பக்கம் பாதி தின்னப்பட்டு நிற்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அறுத்துப் பார்க்க முடியாது. அல்ட்ராசோனிக் கனமானி என்று ஒரு கருவி இருக்கிறது. கைக்கு அடங்குகிற பெட்டி, ஒரு வயர், வயர் முனையில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு புரோப். புரோப் அனுப்புகிற ஒலி சுவரின் மறுபக்கம் வரை போய் எதிரொலித்துத் திரும்பும். திரும்ப ஆகிற நேரத்தை வைத்துக் கருவி கனத்தைக் காட்டும். சாதாரணக் கருவி பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு போரிங் மெஷினின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

போன வருடம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வார்ப்பிரும்பு பிளாக் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய இரும்புக் கடையில் வாங்கியது. துளை 75.5. "ஒரு எம்.எம். ஏத்திக் குடுத்துருங்கண்ணா, பிஸ்டன் வாங்கியாச்சுங்க" என்றார். பிஸ்டன் முதலில், பிளாக் பிறகு, எல்லாரும் செய்வதுதான். காஸ்டிக் தொட்டியில் போட்டு வேகவைத்து, தண்ணீர்ப் பாதைச் சேற்றைக் கம்பியால் குத்தி எடுத்த பிறகுதான் கனமானியைக் கையில் எடுத்தேன். சேறு இருந்தால் எதிரொலி கலங்கும். (அலுமினிய பிளாக்கை காஸ்டிக்கில் போடாதீர்கள். தின்றுவிடும்.)

கருவியை அப்படியே வைத்து அளக்கக் கூடாது. பெட்டியிலிருந்து வரும்போது அது ஸ்டீலுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். ஸ்டீலில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். வார்ப்பிரும்பில் மெதுவாக, சுமார் 4,600. அதுவும் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். ஸ்டீல் அளவிலேயே வைத்து அளந்தால் 4 மி.மீ. சுவரைக் கருவி 5.1 என்று காட்டும். இல்லாத ஒரு மில்லிமீட்டரை நம்பி ஒருவன் ஒரு மில்லிமீட்டரை வெட்டுவான். அதனால் அதே பிளாக்கில் மைக்ரோமீட்டர் இரண்டு பக்கமும் எட்டுகிற ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். தம்பியின் பிளாக்கில் அடிப்பக்கத்து விளிம்பு ஒன்று கிடைத்தது. மைக்ரோமீட்டரில் 7.42 வந்தது. கனமானியும் 7.42 காட்டும் வரை அதன் வேகத்தைத் திருகினேன். அதற்குப் பிறகு சொல்கிற எண்ணைத்தான் நான் நம்புவேன்.

துளையில் கிரீஸ் தடவி, புரோப்பை வளைவில் ஆடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று உயரம். ஒவ்வோர் உயரத்திலும் நான்கு திசை. ஆக சிலிண்டருக்குப் பன்னிரண்டு, நான்கு சிலிண்டருக்கு நாற்பத்தெட்டு எண். இரண்டு சிலிண்டர் சுவர்கள் ஒட்டி வார்த்திருக்கிற இடத்தில் எதிரொலி சரியாக வராது. அங்கே கருவி காட்டுவதை எழுதவே கூடாது, கோடு போட்டு விட்டுவிட வேண்டும். தம்பி சாக்பீஸால் பிளாக்கின் மேலேயே எண்களை எழுதிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு சிலிண்டரும் 4.4-லிருந்து 5.2-க்குள் நின்றன. மூன்றாவதில், பிஸ்டன் அழுந்துகிற பக்கம் நடுவில் 3.3. எதிர்ப்பக்கம் 5.9. கீழே இறங்கினால் 3.0. புரோப்பைத் துடைத்து, மறுபடி கிரீஸ் வைத்து, ஒரு விரல் தள்ளி, திரும்ப அளந்தேன். 3.0-தான்.

"வெளிய பாத்தா நல்லாத்தானுங்ணா இருக்குது?"

வெளியே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்றேன். ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் அந்த இடத்தில் 2.5 மி.மீ. நிற்கும். எங்கள் தொழிலில் சாலை வண்டிக்கே 3 மி.மீ.க்குக் கீழே போகத் தயங்குவோம். டிராக்குக்கு அழுந்துகிற பக்கம் 5 மி.மீ. இருந்தால்தான் தைரியமாகக் கை வைக்கலாம். மற்றப் பக்கம் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, அங்கே பிஸ்டன் அவ்வளவு அழுந்துவதில்லை. எத்தனை இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சராசரி எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. துளையின் மையத்தைக் கனமான பக்கம் கால் மில்லிமீட்டர் நகர்த்திப் போர் போடலாம். மெலிந்த பக்கம் கொஞ்சம் தப்பும். அதற்கு மேல் நகர்த்தினால் ஹெட் கேஸ்கெட்டின் வளையம் துளையோடு பொருந்தாது. மூன்றாவது சிலிண்டரை மட்டும் பெரிதாகக் குடைந்து ஸ்லீவ் இறக்கலாம். ஆனால் தாங்கி நிற்கிற சுவரே மெலிந்திருந்தால் ஸ்லீவும் அதோடு சேர்ந்துதான் வளையும். டிராக்குக்கு மட்டும் ஓட்டுகிறவர்கள் தண்ணீர்ப் பாதையின் கீழ்ப்பாதியைச் சிமென்ட் மாதிரி இறுகுகிற கலவையால் நிரப்பிவிடுவது உண்டு. கொஞ்ச நேர ஓட்டத்துக்கு இன்ஜின் சூடாகிவிடாது. அந்த வண்டியில் பிறகு ஊருக்குப் போக நினைக்கக் கூடாது. நான் தம்பிக்குச் சொன்னது இது எதுவும் இல்லை. வேறு பிளாக் பாருங்கள் என்றேன். இரண்டாவதாக அவர் கொண்டுவந்ததும் அளந்தபோது தேறவில்லை. மூன்றாவது தேறியது. அதையும் அரை மில்லிமீட்டர்தான் ஏற்றினேன். வாங்கி வைத்த பிஸ்டனை யாருக்கோ விற்றுவிட்டார்.

துளையை ஏற்றிப் பார்க்கிற இந்த ஆசை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் 1950-இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில் ஒரு விமானத் தளத்தில் டிராக் பந்தயம் முறையாக ஆரம்பித்தது. அடுத்த வருடமே அதற்கென்று தேசிய அமைப்பு வந்தது. 1957-இல் ஷெவ்ரலே 283 கன அங்குல வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தது. துளை 3.875 அங்குலம். பையன்கள் அதை எட்டில் ஒரு அங்குலம், நம் பட்டறைக் கணக்கில் ஒரு நூல், ஏற்றி 4 அங்குலமாக்கி 301 கன அங்குலம் எடுத்தார்கள். சில பிளாக் தாங்கியது, சில தாங்கவில்லை. எது தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அவர்களிடம் அன்று கருவி இல்லை. 1962-இல் ஃபோர்டு மெல்லிய சுவர் வார்ப்பு என்று சொல்லியே புதிய வி-8 இன்ஜினை விற்றது. இரும்பு குறைந்தால் எடை குறையும், விலை குறையும். கம்பெனிக்கு அது லாபம். ரீபோர் போடுகிறவனுக்கு வெட்டுவதற்கு மிச்சம் குறைந்தது. 1970-இல் வந்த ஷெவ்ரலே 400 இன்ஜினில் 4.125 அங்குலத் துளைக்கு இடம் போதாமல் சிலிண்டர்களை ஒட்டியே வார்த்தார்கள், நடுவே தண்ணீருக்கு வழியில்லாமல். இன்று அங்கே பந்தய இன்ஜின் கட்டுகிற நல்ல பட்டறைகளில், பிளாக் உள்ளே வந்ததும் முதல் வேலை கனம் அளப்பதுதான். அந்த அளவுத் தாள் பிளாக்கோடு சேர்ந்தே விற்கப்படுகிறது. 350 கன அங்குல இன்ஜினை 30 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு, ஏற்றினால் 355, 60 தௌ ஏற்றினால் 360. அந்த ஐந்து கன அங்குலத்துக்காக நல்ல பிளாக்கின் அடுத்த ரீபோரை இன்றே தின்றுவிட வேண்டுமா என்று அங்கே விவரமானவர்கள் கேட்கிறார்கள். நாமும் கேட்கலாம்.

பைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆர்.எக்ஸ். 100 துளை 50 மி.மீ.; அலுமினிய பேரலுக்குள் வார்ப்பிரும்பு லைனர். கால், அரை, முக்கால், ஒன்று என்று ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறது என்பதாலேயே நேராக ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள். கிராங்க் கேஸுக்குள் இறங்குகிற லைனர் பாவாடைதான் அதில் மெலிந்த இடம். விரிசல் அங்கேதான் கிளம்பும். அதற்குக் கனமானிகூட வேண்டாம், வெர்னியர் போதும். போர் போட்ட பிறகு போர்ட் விளிம்புகளை மழுக்காவிட்டால் ரிங் மாட்டி உடையும். அதையும் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். கே.டி.எம். 390, ஆர்15 போன்ற புது வண்டிகளில் இரும்பு லைனரே கிடையாது. ஒன்றில் பூச்சுப் போட்ட அலுமினியச் சுவர், மற்றதில் சிலிக்கான் கலந்த அலுமினியம். அவற்றைப் பழைய வழக்கப்படி போர் போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால், பேரலை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இவ்வளவு எளிதான சோதனையை ஏன் யாரும் செய்வதில்லை? பட்டறைக்காரனுக்குக் கூலி வெட்டுவதற்குத்தான். சிலிண்டருக்கு இவ்வளவு என்று போரிங்குக்கு ரேட் உண்டு, ஹோனிங்குக்கு உண்டு. அரை நாள் உட்கார்ந்து நாற்பத்தெட்டு எண் எடுத்து, "இது தேறாதுங்க தம்பி" என்று சொல்வதற்கு ரேட் கிடையாது. சொன்னால் அன்றைய வேலையும் போயிற்று, ஆளும் போயிற்று. அடுத்த தெருவில் கேள்வி கேட்காமல் வெட்டுகிறவனிடம் போய்விடுவான். பையன்களும் அப்படித்தான். பிஸ்டனுக்கு ஐயாயிரம், கேம்ஷாஃப்டுக்குப் பத்தாயிரம் என்று கொடுக்கிறவர், அளப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டால் "சும்மா பாத்துச் சொல்லுங்கண்ணா" என்கிறார். சும்மா பார்த்தால் சும்மாதான் சொல்ல முடியும். என் பட்டறையில் இப்போது இதைத் தனி வேலையாக வைத்துவிட்டேன். அளந்து தாளைக் கையில் கொடுத்து அதற்குக் கூலி வாங்கிக்கொள்வேன். வெட்டுவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு. வெட்டினால் அளந்த கூலியைக் கழித்துக்கொள்வேன் என்று சிலர் விளம்பரம் செய்வார்கள். நான் அதைச் செய்வதில்லை. கழித்தால் மறுபடி வெட்டுவதற்குத்தான் ஆசை வரும்.

ஐ.டி.ஐ. வகுப்புகளில் போர் டயலைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். துளையின் தேய்மானம், கோணல், வட்டப்பிசகு எல்லாம் பையன்களுக்குத் தெரிகிறது. சுவரின் முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பாடத்தோடு ஒரு கனமானியும் ஒரு பழைய பிளாக்கும் வைத்தால் போதும். பந்தய அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பரிசோதனை மேசையில் ஹெல்மெட்டையும் பிரேக்கையும் பார்க்கிறீர்கள், ஓவர்போர் போட்ட இன்ஜினுக்குச் சுவர் அளவுத் தாளையும் கேளுங்கள்.

டிராக் ஓட்டுகிற தம்பிகளே, பிஸ்டன் வாங்குவதற்கு முன் பிளாக்கை அளக்கக் கொடுங்கள். அழுந்துகிற பக்கத்து எண் எது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். கருவியை எந்த இடத்தில் மைக்ரோமீட்டரோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் பிளாக்கை இறக்காதீர்கள். சொல்கிறவருக்கு அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், பதில் "வேண்டாம்" என்று வந்தாலும்.